பாம் பீச்சின் 3,407 வாக்குகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டூவல் என்று ஒரு கவுன்ட்டி, பாம் பீச் என்று இன்னொரு கவுன்ட்டி. கவுன்ட்டி என்பதை ஏறத்தாழ நம்ம ஊர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். 2000 நவம்பர் 7 அன்று நடந்த அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷுக்கு டூவலில் விழுந்தவை 1,52,082 வாக்குகள். பாம் பீச்சில் 1,52,846. இரண்டுக்கும் வித்தியாசம் எண்ணூறைக்கூடத் தொடவில்லை. அதே தேர்தலில் சீர்திருத்தக் கட்சியின் சார்பில் நின்ற பேட் புக்கானனுக்கு டூவலில் கிடைத்தவை 650. பாம் பீச்சில் 3,407.

(இவை தேர்தல் முடிந்த சில நாட்களில் வெளியான எண்ணிக்கை. இறுதிக் கணக்கில் அங்கங்கே சில வாக்குகள் ஏறி இறங்கின; பாம் பீச்சில் புக்கானனுக்கு 3,411 ஆனது. கதை மாறவில்லை.)

மூவாயிரம் வாக்கு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சியின் புஷ்ஷும் ஜனநாயகக் கட்சியின் ஆல் கோரும் ஆளுக்கு 29 லட்சம் வாக்கு வாங்கியிருந்தார்கள். கடைசியில் சான்றளிக்கப்பட்ட வித்தியாசம் 537. அந்த 537-தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் ஃபுளோரிடாவின் 25 தேர்வாளர்களையும், அவர்களோடு வெள்ளை மாளிகையையும் புஷ்ஷிடம் கொடுத்தது. அப்படிப்பட்ட இடத்தில் 3,407 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்கத்தானே செய்வார்கள்? கேட்டார்கள். தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே பல்கலைக்கழக ஆட்கள் ஒரு சிதறல் வரைபடத்தைப் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இந்த ஆய்வு அந்தப் படத்தைப் பற்றியது. அதை எப்படிப் போடுவது, எதுவரை நம்புவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைப் பற்றியது.

ஃபுளோரிடாவில் மொத்தம் 67 கவுன்ட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கிடை அச்சில் அங்கே புஷ் வாங்கிய வாக்கு, செங்குத்து அச்சில் புக்கானன் வாங்கிய வாக்கு. எக்செல்லில் இரண்டு நிமிட வேலை. படம் வந்ததும் கண்ணில் படுவது ஒன்றே ஒன்றுதான். இடது மூலையிலிருந்து வலப்பக்கம் மெல்ல ஏறும் ஒரு புள்ளிக் கூட்டம், அதற்கு மேலே வெகு உயரத்தில் தன்னந்தனியாக ஒரு புள்ளி. அது பாம் பீச். புக்கானனுக்கு அடுத்தபடியாக அதிக வாக்கு கொடுத்த பினெல்லஸ் கவுன்ட்டியே 1,010-ல் நின்றுவிடுகிறது.

கிடை அச்சில் ஏன் புஷ்? அங்கே கோரையோ மொத்த வாக்கையோ வைத்திருக்கலாமே? வைக்கலாம். ஆனால் புக்கானன் நீண்ட காலம் புஷ்ஷின் கட்சியில் இருந்த வலதுசாரி. அவருக்குப் போடக்கூடியவர்கள் பெரும்பாலும் புஷ் பக்கம் சாய்ந்தவர்களாக இருப்பார்கள் என்பது ஒரு காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பாம் பீச்சில் கோரின் வாக்குதான் வழிதவறிப் போனது என்பது நம் சந்தேகம். சந்தேகத்துக்கு உள்ளான எண்ணையே அளவுகோலாக வைத்து அளந்தால் அளவு கோணலாகத்தான் வரும். புஷ்ஷின் எண் அந்த அளவுக்குக் கறைபடாதது.

சரி, இப்போது கோடு. பாடப்புத்தகம் இதைத் தொடர்புப் போக்குக் கோடு என்கிறது. வேலை செய்யும் இடங்களில் எல்லோரும் ரிக்ரெஷன் கோடு என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரத்தை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி போடும் கோடு அது. வர்க்கம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு புள்ளி பத்து மடங்கு தள்ளி நின்றால் அந்தக் கூட்டுத்தொகையில் அதன் பங்கு நூறு மடங்காகிறது. பாம் பீச்சையும் சேர்த்து 67 புள்ளிக்கும் கோடு போட்டுப் பார்த்தால் அது தெரியும். சரிவு 0.0049, அதாவது புஷ்ஷின் ஆயிரம் வாக்குக்கு புக்கானனுக்கு ஏறத்தாழ 5. அந்தக் கோடு பாம் பீச்சுக்குக் கணிப்பது 797. ஆர் வர்க்கம், அதாவது புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தில் கோடு விளக்கும் பங்கு (1 என்றால் முழுதும்), 0.39-தான். இத்தனைக்கும் அந்த ஒரு புள்ளியைத் தவிர மற்றவை ஓரளவு ஒழுங்காகவே நிற்கின்றன.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பாம் பீச் வழக்கத்துக்கு மாறானதா என்பதுதான் கேள்வி. அப்படியிருக்க, வழக்கம் என்ன என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் பாம் பீச்சையே உட்கார வைத்தால் எப்படி? பஞ்சாயத்தில் பிராது கொடுக்கப்பட்டவனே நாட்டாமையாக உட்கார்ந்த கதைதான். அதை வெளியே நிறுத்திவிட்டு மற்ற 66 கவுன்ட்டிகளைக் கொண்டு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிடம், பாம் பீச் உன்னைப் போன்ற ஒரு கவுன்ட்டியாக இருந்திருந்தால் அங்கே புக்கானனுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்க வேண்டும்.

66 புள்ளிகளின் கோடு இது: புக்கானன் = 65.6 + 0.00348 × புஷ். ஆர் வர்க்கம் 0.39-லிருந்து 0.75-க்கு ஏறிவிடுகிறது. பாம் பீச்சின் 1,52,846-ஐ இதில் போட்டால் 532-ம் 65.6-ம் சேர்ந்து 598 வருகிறது. டூவலின் 650-க்குப் பக்கத்தில்தான். ஒரு நல்ல விஷயம், இந்தக் கணிப்புக்காகக் கோட்டை அதன் எல்லையைத் தாண்டி நீட்ட வேண்டியிருக்கவில்லை. புஷ்ஷுக்கு 1,300 வாக்கு மட்டும் போட்ட லிபர்ட்டி முதல் 2,89,456 போட்ட டேட் வரை புள்ளிகள் பரவியிருக்கின்றன. பாம் பீச் அதற்கு நடுவில் வருகிறது. எல்லைக்கு வெளியே கணிப்பது வேறு வகையான வில்லங்கம், இங்கே அது இல்லை.

கணிப்பு 598, நடந்தது 3,407. மிச்சம் 2,809. மற்ற 66 கவுன்ட்டிகள் கோட்டிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்பதற்கான அளவு, அதாவது திட்ட விலக்கம், சுமார் 112. அப்படியானால் பாம் பீச் 25 திட்ட விலக்கம் மேலே நிற்கிறது. இருபத்தைந்து! பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட நல்ல எண் கிடைக்காது. எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் மற்ற புள்ளிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கிளேட்ஸ் என்றொரு சின்னக் கவுன்ட்டி; புஷ்ஷுக்கு 1,840, புக்கானனுக்கு வெறும் 9. நம் கோடு அங்கே 72 என்று கணிக்கிறது. எட்டு மடங்கு தப்பு. ஆனால் மிச்சம் வெறும் 63 என்பதால் படத்தில் அது தெரியவே தெரியாது. மறுமுனையில் டேட், அதாவது மயாமி. கோடு சொல்வது 1,073, கிடைத்தது 561. விகிதத்தில் பார்த்தால் ஏறத்தாழ பாதி. கிளேட்ஸ் அளவுக்கு மோசமில்லை. ஆனால் மிச்சம் 512, நாலரைத் திட்ட விலக்கம் கீழே. பினெல்லஸ் மேலே, 301 அதிகம். சின்ன ஊர்களில் புள்ளிகள் கோட்டை ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பெரிய ஊர்களில் விசிறி மாதிரி விரிகின்றன. அப்படியிருக்கும்போது எல்லாவற்றுக்கும் பொதுவாக 112 என்று ஒரே அளவு வைப்பது, குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே சட்டையைத் தைத்த மாதிரி. சின்ன ஊருக்குத் தொளதொள, பெரிய ஊருக்குப் பிடிக்கும். பாம் பீச் பெரிய ஊர். 25 என்ற எண் ஊதிப்போனதற்கு ஒரு காரணம் அந்தப் பிடிப்புதான்.

வாக்கு எண்ணிக்கை, சம்பளம், மக்கள்தொகை மாதிரியான எண்கள் கூட்டலில் மாறுவதில்லை, பெருக்கலில் மாறுகின்றன. கிளேட்ஸில் பத்து வாக்கு கூடுவதும் டேட்டில் பத்து வாக்கு கூடுவதும் ஒன்றல்ல. அங்கே இரட்டிப்பதும் இங்கே இரட்டிப்பதும் ஒன்று. இதற்கு வழி இரண்டு அச்சிலும் மடக்கை எடுப்பது. பள்ளியில் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பெருக்கலைக் கூட்டலாக்கியது ஞாபகம் இருக்கிறதா, அதே வேலைதான். எடுத்ததும் இடது மூலையில் அப்பிக் கிடந்த புள்ளிகள் பிரிந்து வருகின்றன, விசிறி சுருங்குகிறது, படம் ஒரு நீள்வட்டத் திட்டாக மாறுகிறது. புதுக் கோட்டின் சரிவு 0.73, ஆர் வர்க்கம் 0.85. சொல்லில் சொன்னால், புஷ்ஷின் வாக்கு இரட்டித்தால் புக்கானனின் வாக்கு இரட்டிக்காது, சுமார் 1.66 மடங்காகும். பெரிய ஊராக ஆக ஆக புக்கானனின் பங்கு குறைகிறது என்பதை நேர்கோடு சொல்லவே இல்லை, இது சொல்கிறது.

இந்த அளவுகோலில் மறுபடி பாருங்கள். கிளேட்ஸுக்குக் கணிப்பு 72 இல்லை, 23. நாலரைத் திட்ட விலக்கம் கீழே கிடந்த டேட் இப்போது 1.2 மட்டும் கீழே. இரண்டரைக்கும் மேலே இருந்த பினெல்லஸ் ஒன்றுக்குள் வந்துவிட்டது. அதாவது இரண்டுமே சாதாரணக் கவுன்ட்டிகள்தான். முதல் படம் அவற்றை வீணாகச் சந்தேகப்பட வைத்தது. பாம் பீச்? கணிப்பு 593, கிட்டத்தட்ட அதே. விலகல் 25-லிருந்து 4.2-க்கு இறங்கிவிட்டது. எல்லோரும் கூட்டத்துக்குள் வந்த பிறகும் அது மட்டும் வெளியே நிற்கிறது. பரபரப்பான 25-ஐ விட அடக்கமான 4.2 எனக்குப் பெரிய சாட்சி. சந்தேகத்தின் பலனை முழுதும் கொடுத்த பிறகும் மிஞ்சிய எண் அது.

593 என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டுப் போவதும் சரியில்லை. கோடு சொல்வது சராசரி. தனி ஒரு கவுன்ட்டி அதைச் சுற்றி எங்கேயும் விழலாம். நூற்றுக்கு 95 தடவை அது விழக்கூடிய எல்லையை, அதாவது 95 சதவீதக் கணிப்பு இடைவெளியைப் போட்டால் ஏறத்தாழ 250 முதல் 1,400 வரை வருகிறது. எவ்வளவு அகலம் பாருங்கள். 250 வந்திருந்தாலும் வியப்பில்லை, 1,400 வந்திருந்தாலும் வியப்பில்லை. எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தால் இந்தக் கோடு லாயக்கில்லை என்றே சொல்வேன். ஆனால் இங்கே கேள்வி அதில்லை. புக்கானனுக்குச் சாதகமான மேல் எல்லையையே எடுத்துக்கொண்டாலும் இரண்டாயிரம் வாக்கு கணக்கில் இல்லாமல் தொங்குகிறது. தேர்தலைத் தீர்த்தது 537.

இதற்கு எதிர்வாதம் உடனே வந்தது, அதை ஒதுக்கிவிட முடியாது. பாம் பீச் புக்கானனின் கோட்டை என்று புஷ் தரப்பின் செய்தித் தொடர்பாளர் சொன்னார். இன்னும் சிலர் சதவீதத்தைக் காட்டினார்கள். பாம் பீச்சில் புக்கானனின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே, சுமார் 0.8. வட ஃபுளோரிடாவின் கால்ஹூன் கவுன்ட்டியில் அது ஒன்றரைக்கும் மேல். புஷ்ஷுக்கு 2,873 போட்ட ஊரில் புக்கானனுக்கு 90. அப்படியானால் பாம் பீச்சில் என்ன அதிசயம் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது, பதில் படத்திலேயே இருக்கிறது. கால்ஹூன் மாதிரிச் சின்ன, கிராமப்புற, பழமைவாத ஊர்களில் அந்தப் பங்கு சகஜம். கடலோரப் பெருநகரங்களில் அப்படியில்லை: டேட்டில் 0.1-க்கும் கீழே, பக்கத்து பிரவார்டில் 0.14, பினெல்லஸில் கால் சதவீதம். பாம் பீச்சை ஒப்பிட வேண்டியது இவற்றோடுதான். கோட்டை என்ற வாதத்தை உடைத்தவர் புக்கானனேதான். அந்த வாக்குகளில் பெரும்பாலானவை தனக்கு விழுந்தவையாக இருக்க வாய்ப்பில்லை என்று அந்த வாரமே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். தனக்கு விழுந்த வாக்கைத் தன்னுடையது இல்லை என்று சொன்ன வேட்பாளரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இத்தோடு கோட்டின் வேலை முடிந்தது. இங்கே ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொன்னது. என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. விலகிய புள்ளியைக் கண்டதும் காரணத்தையும் கையோடு ஒட்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கள்ள வாக்கு, எண்ணிக்கைப் பிழை, எந்திரக் கோளாறு, நிஜமான ஆதரவு, எதுவாக இருந்தாலும் புள்ளி அதே இடத்தில்தான் விழுந்திருக்கும். அதனால் வரைபடத்தை மூடிவிட்டு வாக்குச்சீட்டை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு ஃபுளோரிடாவில் அதிபர் பதவிக்குப் பத்து வேட்பாளர்கள். எல்லாப் பெயரையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் எழுத்து பொடியாகிவிடும், வயதானவர்கள் நிறைய உள்ள ஊர், படிக்கச் சிரமப்படுவார்கள் என்று கவுன்ட்டியின் தேர்தல் மேற்பார்வையாளர் தெரசா லெபோர் பெயர்களை எதிரெதிரே இரண்டு பக்கமாகப் பிரித்தார். எண்ணம் நல்லதுதான். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் துளை போடும் வரிசை ஒன்றே ஒன்று. விரித்துவைத்தால் பட்டாம்பூச்சியின் சிறகு மாதிரி இருக்கும், பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. இடது பக்கத்தில் முதலில் புஷ், அவருக்குக் கீழே கோர். வலது பக்கத்தில் முதல் பெயர் புக்கானன். அவர் பெயர் புஷ்ஷுக்கும் கோருக்கும் இடைப்பட்ட உயரத்தில் அச்சாகியிருந்தது. நடுவில் துளை எண்கள்: புஷ் 3, புக்கானன் 4, கோர் 5. இடது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வருபவர், கோர் இரண்டாவது ஆள், அப்படியானால் இரண்டாவது துளை என்று குத்தினால் அது புக்கானனுக்குப் போய்விடும். புஷ்ஷுக்குப் போடுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. முதல் பெயர், முதல் துளை. நம்ம ஊரில் முக்கிய வேட்பாளரின் பெயரிலேயே சுயேச்சைகளை நிறுத்திக் குழப்புவதும், 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றதால் வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானதும் தெரிந்தவர்களுக்கு, சீட்டின் அமைப்பு எவ்வளவு தூரம் பாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இது இன்னும் ஒரு ஊகம்தான். அதைச் சோதிக்க ஒரு வழி தற்செயலாகவே அமைந்திருந்தது. தேர்தல் நாளுக்கு முன்பே தபாலில் வாக்களித்தவர்களுக்குப் பட்டாம்பூச்சிச் சீட்டு போகவில்லை. அதே ஊர், அதே வேட்பாளர்கள், சீட்டு மட்டும் வேறு. ஆறு அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் இதை எடுத்துப் பார்த்து 2001-ல் அமெரிக்கன் பொலிட்டிக்கல் சயின்ஸ் ரிவ்யூ இதழில் எழுதினார்கள். பாம் பீச்சில் தேர்தல் நாள் சீட்டுகளில் புக்கானனின் பங்கு தபால் சீட்டுகளில் இருந்ததைப்போல நாலு மடங்கு. ஃபுளோரிடாவின் வேறு எந்தக் கவுன்ட்டியிலும் இந்த இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. பாம் பீச்சில் தேர்தல் நாளன்று புக்கானனுக்குக் குத்தியவர்கள், அதே சீட்டில் செனட் பதவிக்கு ஜனநாயகக் கட்சிக்காரரைத் தேர்ந்தெடுக்கும் போக்கும் தெரிந்தது. புக்கானனின் உண்மையான ஆதரவாளர் அப்படிப் போடுவாரா? புக்கானன் போட்டியிட்ட 3,053 கவுன்ட்டிகளையும் நாடு முழுக்க ஒப்பிட்டதில் எதிர்பார்ப்பை மீறி அதிகம் விலகியது பாம் பீச்தான். கோருக்குப் போக வேண்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் தவறிப் போயின என்பது அவர்கள் கணக்கு. நம்முடைய மடக்கைக் கோட்டின் மேல் எல்லையும் கிட்டத்தட்ட அங்கேதான் கொண்டுபோய் விட்டது. ஆனால் அவர்களைப் போல அதைச் சொல்லும் தகுதி தனியாக அந்தக் கோட்டுக்கு இல்லை.

நீதிமன்றத்தில் இது எடுபடவில்லை. மறு வாக்குப்பதிவு நடத்த அரசியல் சாசனத்தில் இடமில்லை என்று நவம்பர் 20 அன்று கீழ் நீதிமன்றம் சொன்னது. சீட்டு சட்டத்தைப் பெரிதாக மீறவில்லை என்று டிசம்பர் 1 அன்று மாநில உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. இரண்டாயிரம் வாக்கு தவறியது என்று கணக்குப்போட முடியும், அது எந்த இரண்டாயிரம் பேருடையது என்று காட்ட முடியாது. ரிக்ரெஷன் கோட்டை வைத்து வாக்கை இங்கிருந்து அங்கே மாற்ற ஆரம்பித்தால் அதற்கு ஒரு முடிவே இருக்காது. அடுத்த ஆண்டு ஃபுளோரிடா துளைச் சீட்டு எந்திரங்களையே தடைசெய்து சட்டம் போட்டது.

ஒன்று மட்டும் கடைசியாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் பார்த்த 67 புள்ளிகளும் செல்லுபடியான வாக்குகள். பாம் பீச்சில் இரண்டு துளை போட்டதால் செல்லாமல் போன அதிபர் வாக்குகள் 19,000-க்கும் மேல். பின்னால் பத்திரிகைகள் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, 5,330 சீட்டுகளில் கோர், புக்கானன் இருவருக்கும் துளை இருந்தது. தவறாகக் குத்திவிட்டோம் என்று புரிந்ததும் சரியான துளையையும் குத்திவிட்டு வந்தவர்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. 1,631 சீட்டுகளில் புஷ்ஷுக்கும் புக்கானனுக்கும் துளை இருந்ததையும் மறைக்கக்கூடாது. 3-க்குப் பக்கத்திலும் 4-தானே. இந்தச் சீட்டுகளில் ஒன்றுகூட எந்த அச்சிலும் ஏறவில்லை, எந்தக் கோட்டையும் அசைக்கவில்லை.